பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் விழிக்காவிட்டால்

முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் வரும் வண்டிகளில் இப்போது மின்சாரக் கார்களும் உண்டு. எத்தனை கிலோமீட்டருக்குச் சார்ஜ் இருக்கிறது என்று பார்த்துக் கிளம்புகிறவர்கள், காரில் இன்னொரு பேட்டரியும் இருப்பதை நினைப்பதில்லை. கதவுப் பூட்டு, விளக்கு, திரை, கட்டுப்பாட்டுக் கணினிகள் எல்லாம் அந்த 12 வோல்ட் சிறு பேட்டரியில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர்களை மூடுவதும் அதுவே. அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் அசையாது.

பெட்ரோல் காரில் ஸ்டார்ட்டர் திணறும்போதே பேட்டரி தளர்வது காதில் விழும். மின்சாரக் காரில் ஸ்டார்ட்டரே கிடையாது. பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒருநாள் திரை விழிக்காது, அவ்வளவுதான். குலசேகரன்பட்டினத்தின் உப்புக்காற்றில் டெர்மினல்கள் சீக்கிரம் பூத்துவிடும். வெயில் பேட்டரியின் ஆயுளைத் தின்னும். கடலோரம் கார் வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி சோதிக்க வேண்டும்.

சோதனை கடினமில்லை. காரை அணைத்துப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். கதவைத் திறந்தாலே கணினிகள் விழித்துக்கொள்ளும். ஆகவே பானட்டைத் திறந்தபின் சற்றுப் பொறுத்து மல்டிமீட்டரை வையுங்கள். ஈய அமில பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே போனால் தாமதிக்கக் கூடாது. பிறகு காரை ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வரை காட்டும். பெரிய பேட்டரியிலிருந்து சிறியதற்கு மின்சாரம் இறக்கித் தரும் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது என்று பொருள். அளவு ஏறவே இல்லையென்றால் கோளாறு பேட்டரியில் மட்டும் இல்லாமல் இருக்கலாம். வோல்டேஜ் சரியாகக் காட்டியும் பேட்டரி தேய்ந்திருக்கக் கூடும்; அதற்குக் கடையில் லோடு டெஸ்ட் செய்ய வேண்டும். சில மாடல்களில் சிறு பேட்டரியும் லித்தியம்தான். அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, கையேட்டைப் பாருங்கள். பெரிய பேட்டரியின் ஆரஞ்சு நிற வயர்களை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

கன்வெர்ட்டரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களையும், அடுத்த மாதம் கியா 1,138 இவி6 கார்களையும் திரும்ப அழைத்தன. அந்தக் கன்வெர்ட்டர் அடங்கிய சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பகுதியின் கோளாறால் 12 வோல்ட் பேட்டரி வடிந்துபோகலாம் என்பதே காரணம். தென்கொரியாவில் அதே ஆண்டு இரு நிறுவனங்களும் அழைத்த கார்கள் ஏறத்தாழ 1,70,000. இப்படிப்பட்ட கோளாறில் புது பேட்டரி போட்டாலும் அதுவும் வடியும். ஓடும்போதே வேகம் இழக்கும் ஆபத்தும் உண்டு. எனவே சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மட்டும் மாற்றிப் பணம் கேட்டால், ‘சார்ஜ் ஏறும் வோல்டேஜைப் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். கார் அணைந்திருக்கும்போதும் ‘ரெடி’ நிலையிலும் எடுத்த இரண்டு அளவுகளையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். உங்கள் காரின் சேசிஸ் எண் திரும்ப அழைத்தல் பட்டியலில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால், அந்தப் பழுதைச் சரிசெய்ய உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

நிறுவனமே அழைக்காவிட்டாலும், 2019 திருத்தத்தில் சேர்ந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பயணிகளுக்கோ சாலையில் செல்வோருக்கோ ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

தனி ஒருவரின் குறைக்கு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால், குலசேகரன்பட்டினத்தில் குடியிருப்பவர்களுக்குத் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்துக்குள் அடங்கும். 10 முதல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய், அதற்கு மேல் 1,000. குறையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாதபோது ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்தால் முடியும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். கார் முதன்முதலில் படுத்த அன்றைய ஜாப் கார்டைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.