ட்ரயலுக்கு முந்திய மூன்று மாதங்கள்

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலைப் பட்டணத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் துறையில் பாதைக்காகக் காத்து நின்றார்கள். மூதூருக்குப் போக லோஞ்ச் ஏறினார்கள். இன்று 396 மீற்றர் நீளமான அந்தப் பாலத்தைத் தாண்டி, உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களையும் கடந்து, உப்புவெளியில் இருக்கிற ஓர் ஆசிரியை தன் ஸ்கூட்டியிலேயே மூதூர்ப் பாடசாலைக்குப் போய்ச் சேர முடிகிறது. பாலங்கள் வந்த பிறகு இந்த மாவட்டத்தில் வாகனம் ஓட்டத் தெரிவது வேலையோடும் வருமானத்தோடும் கட்டப்பட்ட விஷயமாகிவிட்டது. வீட்டில் முதன்முதலாக வாகனம் ஓட்டப் பழகுகிற தலைமுறையில் பெண்களும் பெருமளவில் இருக்கிறார்கள்.

அவர்களில் பலர் ‘லேர்னர்ஸ்’ என்று நாம் சொல்கிற சாரதி பயிற்சிப் பாடசாலையில் ஒரு மொத்தத் தொகையைக் கட்டிவிட்டு, மிச்சமெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை எழுதப்படுவது அதற்காகத்தான். அந்தத் தொகையில் அரசுக்குப் போவது எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு, உங்களுக்கு எத்தனை மணி நேரம் வாகனம் கையில் கிடைக்கும் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நடைமுறை சிக்கலானதே அல்ல. முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்துக்கு நேரில் போய் ‘மெடிக்கல்’ எடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பம், அதன்பின் எழுத்துப் பரீட்சை. 40 கேள்விகள், ஒரு மணி நேரம், சித்தியடைய 30 சரியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம். சித்தியடைந்தால் பயிலுநர் அனுமதிப்பத்திரம் தருவார்கள். அது ஒன்றரை வருடம் செல்லுபடியாகும். அது கிடைத்து மூன்று மாதம் கழிந்த பிறகுதான் செய்முறைப் பரீட்சை, அதாவது ட்ரயல்.

அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பழகுவதற்கென்று சட்டம் ஒதுக்கித் தந்த காலம் அது. நம் ஊரில் அது பெரும்பாலும் சும்மா போகிறது. ட்ரயல் திகதி நெருங்கியதும் கடைசி வாரத்தில் நாலைந்து தடவை மைதானத்துக்குக் கூட்டிப்போய், ‘எட்டு’ போடவும், காரை ரிவேர்ஸ் எடுக்கவும் காட்டித் தந்துவிட்டால் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. அப்படிப் பழகியவருக்குப் பரீட்சை நடக்கும் இடம் மட்டும்தான் தெரியும். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் முன்னால் போகிற பஸ் நின்றுவிட்டால், கிளட்சைப் பாதி விட்டு வாகனம் பின்னுக்கு உருளாமல் பிடிக்க அவருக்குத் தெரியாது. சீனன்குடாப் பக்கமிருந்து மாவு லொறியும் சீமெந்து லொறியும் எண்ணெய் பவுசரும் வரிசையாக வருகிற நேரத்தில், எந்த இடைவெளியில் பிரதான வீதிக்குள் ஏறலாம் என்று கணிக்கவும் வராது. நிலாவெளி வீதியோரத்து மணலில் ஸ்கூட்டியின் முன்சில்லு ஏறும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் விழுவோம் என்பதை விழுந்த பிறகுதான் அறிவார்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: எத்தனை வகுப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், அதில் வீதியில் எத்தனை, மழையில் ஒரு தடவையாவது உண்டா, இருட்டிய பிறகு ஒரு தடவையாவது உண்டா. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நமக்கு மழைக்காலம். ஈர வீதியில் வாகனம் நிற்க எவ்வளவு தூரம் எடுக்கிறது என்பதைப் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே அறிந்துகொள்வது நல்லது. கார் பழகுகிறவர்கள், பயிற்றுநரின் பக்கத்திலும் பிரேக் இருக்கிற வாகனமா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். கட்டணம் வாங்கிப் பழக்குகிறவர் திணைக்களத்தின் பயிற்றுநர் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லலாம். ஓட்டோமட்டிக் கியர் வாகனத்தில் ட்ரயல் கொடுத்தால் அந்த வகை வாகனத்துக்கே அனுமதி கிடைக்கும் என்பதையும், ஸ்கூட்டிக்கு எடுத்த அனுமதிப்பத்திரம் முச்சக்கரவண்டிக்குச் செல்லாது என்பதையும் முதல் நாளே தெரிந்துகொண்டால் இரட்டைச் செலவு மிச்சம்.

பழகப் போகிற பெண்களுக்கு ஒன்று. மூடிய வாகனத்துக்குள் பயிற்றுநரோடு தனியே இருக்க விருப்பமில்லை என்றால் அக்காவையோ தோழியையோ பின் ஆசனத்தில் கூட்டிப் போகக் கேளுங்கள். சம்மதிக்காத இடத்தில் பழக வேண்டாம். கியரில் கை வைக்கும் சாக்கில் தொடுவதும், கூடாத கதை கதைப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் பாலியல் தொந்தரவு என்ற குற்றம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவிலும் முறையிடலாம். ‘பழக்குகிறவர், என்ன செய்வது’ என்று பொறுத்துப்போய், பழகுவதையே விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அது மிகப் பெரிய நட்டம்.

பாடசாலை பணத்தை வாங்கிக்கொண்டு சொன்ன வகுப்புகளைத் தராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சேவைகளையும் உள்ளடக்குகிறது. இதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். பற்றுச்சீட்டு எழுதித் தர மறுக்கிற இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

‘ட்ரயல் பாஸாக்கித் தரலாம்’ என்று தனியாகப் பணம் கேட்டால் அது இலஞ்சம். கொடுப்பவரும் குற்றவாளிதான். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. ட்ரயலில் தவறுவது அவமானமே அல்ல, கட்டணம் கட்டி மீண்டும் தோற்றலாம். எதில் பிழைவிட்டேன் என்று பரிசோதகரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அலுவலகம் ஒரு காரணமும் சொல்லாமல் உங்கள் விண்ணப்பத்தை இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் அவர் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

இனி, அனுமதிப்பத்திரமே இல்லாமல் ஓட்டுகிறவர்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் மகன் கையில் பைக் திறப்பைக் கொடுக்கிற வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய. அனுமதிப்பத்திரத்துக்கு 18 வயது நிரம்ப வேண்டும். இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் நீதிமன்றத் தண்டம் 25,000 ரூபாயில் தொடங்குகிறது. ஓட்டக் கொடுத்தவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தண்டத்தைக் கட்டிவிடலாம். ஆனால் அந்தப் பையன் ஒருவரை இடித்து அவர் நடக்க முடியாமல் போய்விட்டால்? அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டியதைக் காரணம் காட்டிக் காப்புறுதி நிறுவனம் உங்கள் வாகனச் சேதத்தை மறுக்கும். இடிபட்டவருக்குக் கொடுத்த நட்டஈட்டைக்கூட உங்களிடம் திரும்பக் கேட்க இடமுண்டு. காணி விற்றுக் கட்ட வேண்டிய தொகையாக அது வரலாம். பயிலுநர்களுக்கும் இது பொருந்தும்: குடும்ப வாகனத்தில் பழகத் தொடங்குமுன் காப்புறுதிப் பத்திரத்தில் பயிலுநருக்குப் பாதுகாப்பு உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்துப் பலகை இல்லாமலும், பயிலுநர் பத்திரத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை மீறித் தனியாகவும் வீதிக்கு இறங்காதீர்கள்.

நம் வீதிகளுக்கென்று சில ஆபத்துகள் உண்டு. எழுத்துப் பரீட்சையில் அவை வராது. பிரெட்ரிக் கோட்டையைச் சுற்றிய புள்ளிமான்கள் இருட்டியதும் பட்டண வீதிகளுக்கு வந்துவிடும். ஒன்று பாய்ந்தால் பின்னால் இன்னும் வரும், எனவே முதல் மான் கடந்ததும் வேகம் கூட்டக் கூடாது. ஏ15 வீதியில் இரவில் மாடுகள் தார் சூட்டுக்குப் படுத்திருக்கும். எதிர் வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடிக்கிற அந்தச் சில வினாடிகளில் அவை தெரியவே தெரியாது. ஏ6 வீதியில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் மாலைக்குப் பின் யானை. புதிதாகப் பழகியவர் அந்த நேரத்தில் அங்கே ஓட்டாமல் இருப்பதே நல்லது. தம்பலகாமம், சீனன்குடாப் பக்கங்களில் புகையிரதக் கடவைகள் வரும். கேற் இல்லாத கடவையில் பாட்டை நிறுத்தி, நின்று, இரண்டு பக்கமும் பாருங்கள். தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டுங்கள். பூட்டாத கவசம் விழும்போது தலையை விட்டு முதலில் பறந்துவிடும். இந்த நாட்டில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் ஏராளம்.

பொலிஸார் மறித்தால் பத்திரங்களைக் காட்டுங்கள். சிறு தவறுக்குத் தண்டச் சீட்டு எழுதித் தருவார்கள். பணத்தைத் தபாலகத்தில் 14 நாட்களுக்குள் கட்டினால் போதும். வீதியில் வைத்துக் கையில் பணம் கொடுக்க வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை.

விபத்து நடந்துவிட்டால் நிற்க வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். சட்டம் சாரதிக்கு இட்ட கடமைகள் இவை. பயந்து ஓடுகிறவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸ் அவசர இலக்கம் 119. வாகனங்களை நகர்த்துவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு அங்கிருந்தே அழையுங்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. ‘தமிழ் தெரிந்தவர் இல்லை, கையெழுத்தை வையுங்கோ தங்கச்சி’ என்று சொன்னாலும், தமிழில் எழுதுங்கள் அல்லது வாசித்து விளங்கப்படுத்துங்கள் என்று கேளுங்கள். பிறகு நீதிமன்றத்தில் நீங்கள் எந்தப் பக்கத்தில் வந்தீர்கள், எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்பதெல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான் பேசப்படும். மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்திலும், 1960 என்ற இலக்கத்தில் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்து இரண்டு வருடங்களுக்குள் போட வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வாகனம் எதுவென்று கண்டுபிடிக்க முடியாமல் போனாலும், பாதிக்கப்பட்டவரோ இறந்தவரின் குடும்பமோ வீதிப் பாதுகாப்பு தேசிய சபைக்கு நட்டஈடு கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கான நிதி, நாம் கட்டுகிற காப்புறுதிக் கட்டணத்தின் ஒரு பங்கிலிருந்து சேர்க்கப்படுவது.