ஏர் கூலர் யந்திரத்தின் கோளாறுகளும் அவற்றைச் சீர்படுத்தும் முறைகளும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் உஷ்ணம் மிகுந்திருப்பது யாவரும் அறிந்ததே. இதன் பொருட்டுக் குடியானவர் பலர் வீடுகளில் ஏர் கூலர் வாங்கி வைத்துள்ளனர். முதல் கோடையில் நன்கு வேலை செய்த யந்திரம் மறு கோடையில் பயன்படவில்லை என்று மூலையில் தள்ளப்படுவதும் உண்டு. அதன் கோளாறுகளிற் பெரும்பாலானவை அதிகச் செலவின்றி வீட்டிலேயே தீர்க்கத்தக்கவை.

தத்துவம்

மண்பானையின் நீர் குளிர்வதும் இந்த யந்திரத்தின் காற்றுக் குளிர்வதும் ஒரே காரணத்தாலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோ கலோரி உஷ்ணம் வேண்டும். அவ்வுஷ்ணத்தை நீர் காற்றிலிருந்தே கவர்ந்து கொள்ளுகிறது. ஆதலால் காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவுக்குக் குளிர்ச்சி மிகும். 40 டிகிரி உஷ்ணமும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை ஏறக்குறைய 26 டிகிரி வரை குளிர்விக்க இயலும். ஈரப்பதம் 70 சதவீதமாயின், 34 டிகிரிக் காற்றும் 29 டிகிரிக்குக் கீழ் இறங்காது. மேல்காற்று வீசும் முற்பகலில் நன்கு குளிர்விக்கும் யந்திரம், கடற்காற்றுப் புகுந்த பின் புழுக்கம் தருவது இதனாலேயே. அப்பொழுது பம்பை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட்டுதல் நலம்.

குளிர்ச்சி குறைவு

அறையை முற்றும் மூடி வைப்பதே முதற் குற்றம். யந்திரத்தின் பின்புறம் ஜன்னலை நோக்கி வெளிக்காற்றை இழுக்க வேண்டும். எதிர்ப்புறம் கதவோ ஜன்னலோ சிறிது திறந்திருக்க வேண்டும்.

அடுத்தது உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீர் ஆவியாகும்போது உப்பு தட்டியிலேயே தங்கிக் கெட்டிப்படும். தட்டியின் ஒரு பகுதி நனையாதிருப்பின், மேலே நீர் சொட்டும் துளைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறக்க வேண்டும். உப்புப் படிந்த பாகங்களைப் புளி கரைத்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் நீங்கும். தொட்டி நீரை வாரம் ஒரு முறையேனும் முழுவதும் வடித்துத் தேய்த்து உலர்த்துக. இதனால் உப்புக் குறைவதோடு, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகளும் அழியும்.

பம்பும் விசிறியும்

பம்பு இரைந்தும் நீர் ஏறாவிடில், அதன் வாய்ச் சல்லடையில் பாசியோ உப்போ அடைத்திருக்கும், கழற்றிக் கழுவுக. நீரின்றிப் பம்பை ஓடவிடின் கருகிவிடும்.

விசிறி "உம்" என்று இரைந்து சுழலாது நின்றால், பிளக்கைப் பிடுங்கியபின் கையால் சுழற்றிப் பார்க்க. இறுக்கமாயிருந்தால் எண்ணெய் இடுதல் வேண்டும். எளிதில் சுழன்றால் கண்டென்சர் கெட்டிருக்கக்கூடும். பம்புசெட்டு மோட்டாரில் இதனை அறிந்தோர் பலர். கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்குமாதலால், அதை மாற்றும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுக. மாலையில் மட்டும் விசிறி மெதுவாகச் சுழன்று, விளக்குகளும் மங்கினால், குற்றம் யந்திரத்தில் இல்லை, வோல்டேஜ் குறைவேயாம். அதை மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதே முறை.

உயிருக்கு ஆபத்து

நீரும் மின்சாரமும் அருகருகே உள்ள யந்திரம் இது. யந்திரத்தைத் தொட்டால் சிறிது "சுர்" என்று இழுப்பினும் உடனே உபயோகத்தை நிறுத்துக. மூன்று முள் பிளக் இருந்தும், சுவர்ப் பெட்டியில் எர்த் கம்பி இணைக்கப்படாத வீடுகள் உண்டு. அதைச் சோதிப்பித்தல் அவசியம். கோடையில் எர்த் குழிக்கு நீர் ஊற்றி வருக. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியை வீட்டில் பொருத்துதல் சிறந்தது. சுவிட்சை அணைத்தல் போதாது; பிளக்கைப் பிடுங்கிய பின்னரே நீர் ஊற்றவும் கழுவவும் வேண்டும்.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்து, விழுப்புரம் ஜில்லாவில் பல வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அவ்விதம் நனைந்த யந்திரம் வெளியில் உலர்ந்து காணினும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். எலெக்ட்ரீஷியன் சோதிக்கும் முன் அதை ஓட்டலாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் வெள்ளம் வடிந்தவுடன் இதனை ஊராருக்குத் தெரிவிப்பார்களாயின், வீண் உயிர்ச்சேதம் தவிர்க்கப்படும்.