புதுமண்டபத்து மன்னரும் ஆம்ஸ்டர்டாம் வணிகரும்

மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்தோற்சவத்துக்கென எழுப்பிய புதுமண்டபத்தில், நாயக்க மன்னர் பதின்மர் தூணோடு தூணாகக் கைகூப்பி நிற்பதை, கோச்சடையிலிருந்து சித்திரைத் திருவிழாவுக்குப் போகும் எம்மனோர், நெடுங்காலம் அங்கிருந்த தையற்கடைகளுக்கும் புத்தகக் கடைகளுக்கும் இடையே ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்திருப்போம். அவர்களுள் திருமலை மன்னர் (1623–1659) யாரென்று எவரும் சொல்லவேண்டியதில்லை: தலைக்குமேல் விதானம், அருகே தேவியர், இடையில் குறுவாள், அதன்மேல் சரிந்த தொந்தி. காவிய நாயகர்க்குரிய சிற்றிடையை அளித்துச் சிற்பி முகஸ்துதி செய்திருக்கலாம், செய்யவில்லை. ராஜபோகம் உடம்பிலேயே தெரியவேண்டுமென்று விரும்பிய காலம் அது.

அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட், இருளை மெல்லிய பழுப்பு வர்ணப் பூச்சுகளாலும் ஒளியைக் கனத்த ஈய வெள்ளையாலும் படைத்துக்கொண்டிருந்தார். பெரும்பாலும் வணிகர்களான நகரக் காவற்படையினருக்காக 1642-இல் அவர் முடித்த ‘இரவுக் காவல்’ சித்திரத்தில், கறுப்புடைத் தலைவரும் மஞ்சளுடைத் துணைத்தலைவரும் வெளிச்சத்தில் நடந்துவர, பணம் கொடுத்த ஏனையோரில் சிலர் தோளுக்குப் பின்னால் பாதிமுகமாகவே நிற்கின்றனர். (காட்சி உண்மையில் பகல், மேற்பூச்சு கறுத்ததால் வந்த பெயர் அது.) படத்திலுள்ளோரில் ஒருவர் 1659-இல் அளித்த வாக்குமூலப்படி, 16 பேர் சராசரி 100 கில்டர் கொடுத்தார்கள், அவரவர் நின்ற இடத்துக்கேற்ப அது கூடியும் குறைந்தும் இருந்தது.

நம் சிற்பிக்கு அத்தகைய கணக்கில்லை; நிழலை அவன் தீட்டவும் இல்லை. உளி ஆழ்ந்த இடமெல்லாம், ஆரங்களின் இடுக்கிலும் இமையின் கீழும், நிழல் தானே வந்து தங்குகிறது. பக்கவாட்டில் நுழையும் வெயில் நகர நகர மன்னரின் முகபாவமும் மாறுகிறது.

பட்டமகிஷியின் சிலையைச் செதுக்குகையில் தொடையில் ஒரு சில்லு பெயர்ந்ததாகவும், அவ்விடத்தில் அரசிக்கு மச்சம் இருக்கும், அப்படியே விடுக என்று சாமுத்திரிகா லட்சணம் அறிந்த அமைச்சர் நீலகண்ட தீக்ஷிதர் சொன்னதாகவும், மன்னர் ஐயுற்றுத் தண்டிக்க நினைத்ததறிந்து அவரே கற்பூர ஜோதியால் தம் கண்களை அவித்துக்கொண்டதாகவும் ஒரு கர்ணபரம்பரைக் கதை வழங்குகிறது. சரித்திர ஆசிரியர்கள் இதை ஒப்புவது ஐயமே. ஆனால், கற்சிலை உரியவரை மச்சம் வரை ஒத்திருக்கும் என்று நம்பிய ஊரிலன்றி இக்கதை பிறந்திராது.