காற்றுக்குச் சட்டம் எழுதுவோர்

கிரிக்கெட் மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேற்படலாகாது என்று ஒரு விதி உண்டு. அவ்விதியைப் படித்துவிட்டுக் கடந்து செல்வோமேயன்றி, அதனால் எவ்வணி வெல்லும், எவ்வணி தோற்கும் என்று நாம் ஆராய்வதில்லை. மோட்டார்ப் பந்தயங்களுள் தலையாயதாகிய 'போமுலா வன்' பந்தயத்தின் நிலைமையோ வேறு. அங்கே வண்டியின் அடிப்பாகம் இவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் ஒரு வாக்கியம் மாறுமாயின், நேற்று முதலாவதாக வந்தவர் நாளை பத்தாவதாக வரலாம். சாரதி உயிருடன் வீடு திரும்புவதும் சில வேளை அவ்வாக்கியத்தைப் பொறுத்ததே. 'போமுலா' என்னும் சொல்லே, வண்டிகள் யாவும் அடங்கி நடத்தற்குரிய விதித்தொகுதியைக் குறிப்பதாகும். சட்டப் புத்தகத்தின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்ட விளையாட்டு இது.

உலகச் சாதனையாளர் பட்டத்துக்கான இப்பந்தயம் 1950 ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோன் களத்திலே தொடங்கிற்று. ஆதியில் சட்டங்கள் பெரும்பாலும் எஞ்சினையே பற்றியிருந்தன. 1961 இல் எஞ்சினின் கொள்ளளவை இரண்டரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றராகக் குறைத்தபோது, ஆங்கிலேய வண்டிக்காரர் ஆட்சேபித்துக்கொண்டே காலத்தைக் கடத்தினர். இத்தாலியப் பெராரி நிறுவனத்தாரோ எஞ்சினை ஆயத்தஞ் செய்துகொண்டு வந்து பட்டத்தைத் தட்டிச் சென்றனர். எஞ்சினின் கொள்ளளவை அளப்பதிலே சிரமம் இல்லை. காற்றை அளப்பது எங்ஙனம்? சட்டமியற்றுவோருக்கு உண்மையான தலைவலி அங்கேதான் தொடங்கிற்று.

ஆகாய விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. அதையே தலைகீழாகத் திருப்பி வண்டியிற் பொருத்தினால், அது வண்டியை நிலத்தோடு அமுக்கும். சில்லுகள் வீதியை இறுகப் பற்றும். வளைவுகளில் வேகங் குறையாமல் திரும்பலாம். 1968 இல் உயரமான கம்பங்களின்மேல் இத்தகைய இறக்கைகள் தோன்றின. மறுவருடம் பார்சலோனாவில், லோட்டஸ் வண்டிகள் இரண்டின் இறக்கைகள் ஒரே பந்தயத்தில் முறிந்து, கிரகாம் ஹில், ஜோக்கன் றின்ட் ஆகிய இரு சாரதிகளும் விபத்துக்குள்ளாயினர். அடுத்து வந்த மொனாக்கோவில், பயிற்சி ஓட்டம் நடந்துகொண்டிருக்கும் பொழுதே உயர்ந்த இறக்கைகளுக்குத் தடை பிறந்தது.

மேலே கண்ணுக்குத் தெரியும் இறக்கையைத் தடுக்கலாம். லோட்டஸ் நிறுவனத்தின் தலைவர் கொலின் சப்மனும் அவருடைய துணைவர்களும் வண்டியின் அடியிலே கையை வைத்தனர். ஒடுங்கிய வழியால் ஓடும் காற்று வேகங் கூடும். வேகங் கூடவே அதன் அமுக்கம் குறையும். பௌதிகம் கற்கும் மாணவர்கள் பேர்னூலியின் தத்துவம் என்று இதனை அறிவர். வண்டியின் இரு பக்க அடிப்பாகங்களையும் தலைகீழ் இறக்கைபோல வளைத்து, வெளிக்காற்று உட்புகாவண்ணம் ஓரங்களில் நிலத்தைத் தொடும் தடுப்புகளைத் தொங்கவிட்டனர். அவற்றுக்குப் 'பாவாடை' என்றே பெயர். வண்டி முழுவதும் ஓர் உறிஞ்சுகருவியாகி வீதியோடு ஒட்டிக்கொண்டது. 1978 இல் அவ்வண்டியைச் செலுத்திய மாரியோ அன்ட்ரெற்றி உலகப் பட்டத்தைப் பெற்றார்.

மற்றவர்கள் வாளாவிருப்பார்களா? பிரபாம் குழுவின் வண்டி சமைப்பாளர் கோர்டன் மரே, வண்டியின் பின்னே ஒரு பெரிய விசிறியைப் பூட்டி, அடியிலுள்ள காற்றை வெளியே இழுத்தெறியச் செய்தார். அசையும் காற்றுச் சாதனங்கள் ஆகா என்பது சட்டம். ஆனால் விசிறியின் தலையாய பணி எஞ்சினைக் குளிரச் செய்வதே என்பது அவர் வாதம்! 1978 ஜூனில் சுவீடன் நாட்டிலே நிக்கி லவுடா அதனைச் செலுத்தி, 34 விநாடிக்கு மேற்பட்ட இடைவெளியில் வென்றார். அதன்பின் அவ்வண்டி பந்தயக் களத்துக்கு வரவேயில்லை.

இதனிலும் சுவையானது 1981 ஆம் ஆண்டுக் கதை. வழுக்கி அசையும் பாவாடைகள் தடுக்கப்பட்டன; வண்டிக்கும் நிலத்துக்கும் இடையே 6 சென்ரிமீற்றர் இடைவெளி இருத்தல் வேண்டும் எனச் சட்டம் பிறந்தது. விரைந்தோடும் வண்டியின் கீழே அளவுகோலை நீட்டுவார் யார்? நிற்கும்போதுதான் அளக்கலாம். இதனை நன்குணர்ந்த மரே, காற்றும் திரவமும் நிரம்பிய தாங்கிகளை வண்டிக்கு அமைத்தார். வேகத்தில் காற்றின் சுமையே வண்டியைக் கீழே தாழ்த்தும். ஓட்டம் முடிந்து மெதுவாகத் திரும்பும்பொழுது வண்டி தானாகவே நிமிர்ந்து எழுந்து, அளப்பவர் முன்னே 6 சென்ரிமீற்றர் காட்டி அடக்கமாக நிற்கும். சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை. நெல்சன் பிக்கே அவ்வருடம் ஆர்ஜன்ரீனாவில் வென்றதுடன், முடிவில் ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் உலகப் பட்டத்தையும் பெற்றார். மற்றக் குழுவினரும் அதே வித்தையைப் பின்பற்றினர்.

சிரிப்பதற்குரிய கதையே. ஆயினும் அவ்வண்டிகளில் அமர்ந்திருந்தோர் சிரிக்கவில்லை. அடித்தளம் நிலத்தினின்று விலகாதிருத்தற் பொருட்டுத் தாங்கிகளைக் கல்லைப்போல இறுக்கினர். ஒவ்வொரு மேடுபள்ளமும் சாரதியின் முதுகெலும்பிலே இடித்தது. உறிஞ்சும் விசை நடுவளைவில் அற்றுவிட்டால் வண்டியைக் காப்பார் இல்லை. 1982 மே 8 ஆம் நாள் பெல்ஜியத்தின் சோல்டர் களத்தில், ஜில் வில்நேவின் பெராரி மெதுவாகச் சென்ற இன்னொரு வண்டியின் சில்லிலே மோதி ஆகாயத்தில் எழும்பிற்று, அவர் உயிரிழந்தார். அவ்விபத்துக்கு அடித்தளமே நேர்க்காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வேகம் எல்லை கடந்துவிட்டது என்பதை எவரும் மறுக்க இயலாத வருடமாயிற்று அது. 1983 முதல் சில்லுகளுக்கு இடைப்பட்ட அடித்தளம் மேசைபோலத் தட்டையாயிருத்தல் வேண்டும் எனப்பட்டது.

1994 மே 1 ஆம் நாள் இமோலாவில் அயர்ற்றன் சென்னாவும், அதற்கு முதல்நாள் அங்கேயே றோலன்ட் றற்சன்பேகரும் மாண்டனர். மீண்டும் சட்டமியற்றுவோர் வண்டியின் அடிக்கே வந்தனர். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள மரப்பலகையொன்றை அடியிலே பொருத்துவித்தனர். பந்தய முடிவில் அது 1 மில்லிமீற்றருக்கு மேல் தேய்ந்திருந்தால், வண்டி அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்தோடியது என்று பொருள். 6 சென்ரிமீற்றர்ச் சட்டத்தால் இயலாததை இந்தப் பலகை சாதித்தது. ஓடும்போது நடந்ததற்கு நின்றபின் சாட்சி சொல்லும் பலகையன்றோ! அவ்வருடமே பெல்ஜியத்தில் மைக்கல் சூமாக்கரின் வெற்றியை அது பறித்தது. 2025 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரிலே மக்லாரன் வண்டிகள் இரண்டும் அப்பலகையின் தேய்வினால் நீக்கப்பட்டன. சட்டப் புத்தகத்திலுள்ள வாக்கியங்களுள் மிகச் சிறந்தது இதுவே என்பது எமது எண்ணம்.

தட்டையான அடித்தளம் வேறொரு தொல்லையைத் தந்தது. மேலிறக்கைகளையே நம்பிய வண்டிகள் பின்னே குழம்பிய காற்றை விட்டுச்சென்றன. அதனுட் புகுந்த பின்வண்டியின் பிடிப்புத் தளர்ந்தது. வேகமான வண்டியும் மெதுவான வண்டியை முந்தமாட்டாமல் தவிக்க, பார்வையாளர் கொட்டாவி விட்டனர். 2011 இல், ஒரு விநாடி இடைவெளிக்குள் நெருங்கியவர் மாத்திரம் தம் பின்னிறக்கையைத் திறந்து வேகம் பெறலாம் என்று விதித்தனர். முந்தல்கள் பெருகின. ஆயினும் முன்செல்பவரின் ஒரு கையைக் கட்டிவைத்துக் குத்துச்சண்டை நடத்துவது போன்ற அவ்வேற்பாடு எமக்கு உவப்பாயிருந்ததில்லை.

நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2022 இல், அடித்தளத்தின் வளைந்த வழிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. நிருவாகத்தார் வெளியிட்ட கணக்கின்படி, 10 மீற்றர் பின்னே தொடரும் பழைய வண்டி தன் கீழமுக்கத்தில் நூற்றுக்கு 46 பங்கு வரையில் இழந்தது. புதிய வண்டியோ 18 பங்கே இழந்தது. கணக்கு நன்று. ஆனால் முதற் பரீட்சார்த்த ஓட்டத்திலேயே வண்டிகள் கடற்பன்றிபோலத் துள்ளத் தொடங்கின. அடித்தளம் நிலத்தை மிக நெருங்கியதும் காற்று அடைபடும், விசை அறும், வண்டி எழும்பும், எழும்பியதும் மீண்டும் உறிஞ்சப்படும். ஒரு விநாடிக்குள் இது பலமுறை நிகழும். அவ்வருடம் பாக்கு நகரப் பந்தயம் முடிந்து, லூயிஸ் ஹமில்ற்றன் முதுகைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கப்பட்ட பாட்டை உலகம் கண்டது. மறுவருடம் அடித்தளத்தின் ஓரங்களை 15 மில்லிமீற்றர் உயர்த்தினர்.

நெருங்கிய போட்டியை விரும்பி எழுதிய சட்டம் உடனே அதனைத் தந்ததா? 2023 இல் 22 பந்தயங்களுள் 21 ஐ றெட் புல் குழுவே வென்றது. புதிய சட்டத்தை எவர் முதலிற் சரியாக வாசித்தாரோ அவர் ஓடிவிடுகிறார். மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் செல்கின்றன. 2024 இல் ஏழு சாரதிகள் தலா ஒன்றுக்கு மேற்பட்ட பந்தயங்களை வென்றனர். 2025 இல் லன்டோ நொறிஸ் பட்டம் வென்றது இரண்டு புள்ளி வித்தியாசத்தில், கடைசிப் பந்தயத்தில். போட்டி கனிந்து வந்த அவ்வேளையிலேயே சட்டத்தின் ஆயுளும் முடிந்தது.

2026 ஆம் ஆண்டுக்கென எழுதப்பட்ட சட்டம் வண்டியின் அகலத்தில் 10 சென்ரிமீற்றரையும் நிறையில் 30 கிலோகிராமையும் குறைத்தது. அடித்தளத்தின் உறிஞ்சும் விசையையும் தணித்தது. நேர்வழியில் இறக்கையைத் தாழ்த்தும் உரிமை எல்லோருக்கும் பொதுவாயிற்று. நெருங்கியவருக்கு மின்வலு மாத்திரம் சிறிது மேலதிகமாகக் கிடைக்கும். மின் இயந்திரத்தின் வலு 120 கிலோவாற்றிலிருந்து 350 ஆக ஏறிற்று.

எஞ்சினின் அமுக்க விகிதத்தையும் 18 இலிருந்து 16 ஆகக் குறைத்தனர். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அதனை அளப்பது என்பதே தொடக்கத்தில் ஏற்பாடாயிருந்தது. சூடேறினால் உலோகம் விரியுமே, அப்பொழுது விகிதம் என்னவாகும் என்ற வாக்குவாதம், முதற் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே குழுக்களுக்கிடையில் மூண்டுவிட்டது. நின்றபோது 6 சென்ரிமீற்றர் காட்டிய வண்டியை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களுக்கு அது புதிய வழக்காய்த் தோன்றியிராது.