மார்ஃபின் அரிப்பைக் கிளப்பும். அதன் உறவுக்கார மருந்து எப்படி அடக்கும்?

 உலகச் சிறுநீரக நாளுக்குள் பதில் எழுதிவிட வேண்டும் என்று எடுத்துவைத்த வாசகர் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் அரிப்புக்கு ‘ஓபியாய்டு’ இன மருந்து இருப்பதாகப் படித்திருக்கிறார்கள். சிசேரியனின்போது முதுகில் போட்ட மார்ஃபினால்தானே தனக்கு மூக்கும் முகமும் அப்படி அரித்தது, அதே இனத்து மருந்து எப்படி அரிப்பை நிறுத்தும் என்று ஒரு வாசகி கேட்கிறார். அப்பாவுக்கு இதைப் போட்டால் பழக்கமாகிவிடுமா என்பது இன்னொருவரின் பயம்.

இரண்டாவது கேள்வியைப் பிறகு பார்க்கலாம். முதல் கேள்விக்கான விடை, உடலியலில் நான் படித்த மிக அழகான பக்கங்களில் ஒன்று. அதில் சற்று நின்றே பேச வேண்டும்.

மருந்துகள் போய் உட்காரும் இடத்துக்கு ‘ஏற்பி’ என்று பெயர். ஓபியாய்டு ஏற்பிகள் பலவகை. 1976இல் வில்லியம் மார்ட்டின் என்ற அமெரிக்க மருந்தியலாளர் அவற்றைப் பிரித்துக் காட்டினார். மார்ஃபின் உட்காரும் ஏற்பிக்கு மார்ஃபினின் முதலெழுத்தை வைத்து ‘மியூ’ என்றும், கீட்டோசைக்ளசோசின் என்ற மருந்து உட்காரும் ஏற்பிக்கு அதன் முதலெழுத்தால் ‘கப்பா’ என்றும் பெயரிட்டார். அரிப்பைப் பொறுத்தவரை இவை இரண்டும் எதிரெதிர். மியூ தூண்டப்பட்டால் அரிப்பு கிளம்பும். கப்பா தூண்டப்பட்டால் அடங்கும். இவ்வளவும் பாடப்புத்தகத்திலேயே உண்டு. ஏன் அப்படி என்பதுதான் நெடுநாள் புதிராக இருந்தது.

தோலில் எழும் நமைச்சல் தண்டுவடத்தின் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. தண்டுவடத்தின் பின்புறத்தில், அந்தச் செய்தியை மறித்து நிறுத்தும் காவல் நரம்பணுக்கள் இருக்கின்றன. சாரா ராஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் இவற்றை எலிகளில் அடையாளம் கண்டார்கள். இந்தக் காவல் அணுக்கள் இல்லாத எலிகள் தோல் புண்ணாகும்வரை சொறிந்துகொண்டே இருந்தன. காவல் அணுக்கள் சுரக்கும் பொருள் தைனார்ஃபின் என்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ராஸின் குழு 2014இல் காட்டியது. தைனார்ஃபின் நம் உடலே தயாரிக்கும் ஓபியாய்டு. அது போய் உட்காரும் ஏற்பி கப்பா.

காவல் அணுக்களை எது எழுப்புகிறது என்பது இன்னும் சுவையானது. மிளகாயின் காரத்தையும் கடுகின் நெடியையும் மெந்தாலின் குளிர்ச்சியையும் உணரும் நரம்புகள் நேராக இந்த அணுக்களோடு இணைந்திருக்கின்றன. மெந்தால் கலந்த தைலத்தைத் தடவினால் அரிப்பு கொஞ்ச நேரம் மறைகிறதே, அது மனப்பிரமை இல்லை. சொறியும்போது கிடைக்கும் அந்தச் சுகத்துக்கும் இதே பாதையைத்தான் ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள்: நகம் உண்டாக்கும் சிறு வலி காவலை எழுப்பிவிடுகிறது. சொறிவதை நிறுத்தியதும் காவல் மறுபடி கண்ணயர்கிறது.

இப்போது மார்ஃபினுக்கு வருவோம். மியூ ஏற்பிகள் அந்தக் காவல் அணுக்களின் மேலேயே இருக்கின்றன என்று ராஸின் குழு 2021இல் தெரிவித்தது. மார்ஃபின் அங்கே போய் அமர்ந்தால் காவல் தூங்கிவிடுகிறது, தைனார்ஃபின் வருவதில்லை, கதவு திறந்துகொள்கிறது. தோலில் எதுவுமே நடக்காமல் முகம் அரிப்பது இதனால்தான் என்பது அவர்கள் வாதம். அலர்ஜி மாத்திரை இதற்கு உதவாததற்கும் இதுவே காரணம். அலர்ஜி அரிப்புக்குக் காரணமான ஹிஸ்டமினை வெளியேற்றாத ஃபென்டனில் என்ற ஓபியாய்டை முதுகில் போட்டாலும் இதே அரிப்பு வருகிறது. 2011இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷோ-ஃபெங் சென் குழு வேறொரு விளக்கம் தந்தது: மியூ ஏற்பியின் ஒரு கிளைவடிவம் அரிப்பு நரம்பணுவையே நேரடியாகத் தூண்டுகிறது என்று. இரண்டும் எலிகளில் கிடைத்த முடிவுகள். எனக்குக் காவல் தூங்கும் கதையே கூடுதலாகப் பொருந்துகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆக, கப்பாவைத் தூண்டும் மருந்து தூங்கும் காவலை எழுப்புவதில்லை. காவல் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்கிறது. காவல் அணுக்களின் கதை தெரியவரும் முன்பே, ஜப்பானில் நால்ஃப்யூராஃபின் என்ற கப்பா மருந்து உருவானது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கென 2009இல் அனுமதி பெற்றது. மாத்திரை அளவு 2.5 மைக்ரோகிராம்தான். ஐரோப்பிய மருந்து முகமை பின்னர் இதே மருந்தை ஏற்க மறுத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே என்னைக் கவலைப்படுத்தும் பகுதி வருகிறது. கப்பா ஏற்பிகள் மூளையிலும் நிறைய இருக்கின்றன. அங்கே அவை தூண்டப்பட்டால் மார்ஃபின் தரும் சுகத்துக்கு நேர்மாறானது வரும்: மனக்கலக்கம், இன்னதென்று சொல்லமுடியாத துயரம், சிலருக்கு மாயக்காட்சி. 1986இலேயே ஆரோக்கியமான மனிதர்களிடம் இது பதிவாகியிருக்கிறது. அரிப்பு போய் மனம் இருண்டால் யாருக்கு லாபம்?

டிஃபெலிகெஃபாலின் என்ற ஊசிமருந்து இந்தச் சிக்கலைக் கெட்டிக்காரத்தனமாகத் தாண்டப் பார்க்கிறது. அது நான்கு அமினோ அமிலங்களின் கோவை. ஆனால் நம் உடலின் புரதங்களில் உள்ளவற்றின் கண்ணாடி பிம்பம் போன்றவை; வலக்கைக்கு இடக்கை போல. அதனால் உடலின் நொதிகளால் அதை எளிதில் வெட்ட முடியாது. மூளைக்குள் அது பெரும்பாலும் நுழைவதில்லை. பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அந்த வழி ஏது? அடுத்த டயாலிசிஸ் வரை ரத்தத்திலேயே தங்கும்; அந்த டயாலிசிஸில் பெரும்பகுதி வடிந்துவிடும். எனவே ஒவ்வொரு டயாலிசிஸ் முடிவிலும், எந்திரத்தின் குழாய் வழியே, கிலோ எடைக்கு 0.5 மைக்ரோகிராம். நோயின் குறையையே மருந்தின் வேளைக்கணக்காக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை அனுமதித்தது. புற நரம்புகளிலும் நோய் எதிர்ப்பு அணுக்களிலும் உள்ள கப்பா ஏற்பிகளில் இது வேலை செய்வதாக விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால் அனுமதிக்கப்பட்ட மருந்துக் குறிப்பேட்டைப் பிரித்தால், கப்பா தூண்டப்படுவதற்கும் சிகிச்சைப் பலனுக்கும் உள்ள தொடர்பு அறியப்படவில்லை என்றே அச்சாகியிருக்கிறது. மேலே சொன்ன காவல் அணுக்கள் இருப்பது தண்டுவடத்தில். இந்த மருந்து அங்கே எளிதில் போகாது. அப்படியானால் அது எங்கே வேலை செய்கிறது? இந்த இடைவெளியை விளம்பரம் மூடிக்கொண்டு போகலாம், நாம் மூடக் கூடாது.

‘பலன்’ என்ற சொல்லையும் அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். 2020இல் வெளியான முக்கிய ஆய்வில் 378 பேர். 0 முதல் 10 வரையான அளவுகோலில் அரிப்பு குறைந்தது 3 புள்ளி இறங்கினால் அதுவே பலன். 12 வாரத்தில் மருந்து போட்டவர்களில் 51.9 சதவீதத்தினர் அந்த இலக்கைத் தொட்டார்கள். வெற்று ஊசி போட்டவர்களில் 30.9 சதவீதம். அதாவது சுமார் ஐந்து பேருக்குப் போட்டால் ஒருவருக்கே மருந்தால் மட்டும் கிடைத்த நிவாரணம். இரவெல்லாம் தூங்காமல் சொறிந்துகொண்டிருப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. அதிசயமும் அல்ல.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பழக்கமாகிவிடுமா? போதைப்பழக்கம் மியூவின் பாதை. டிஃபெலிகெஃபாலினை அமெரிக்காவில் கட்டுப்பாட்டுக்குட்பட்ட போதைமருந்துப் பட்டியலில் சேர்க்கவில்லை.

பக்கவிளைவுகள்? வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், குமட்டல், நடை தள்ளாட்டம், தூக்கக் கலக்கம். முதியவர்கள் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு? அவர்களிடம் ஆராயப்படவில்லை, பரிந்துரையும் இல்லை.

எக்ஸிமாவுக்கு? டிஃபெலிகெஃபாலினை மாத்திரை வடிவில் முயன்றார்கள், 2023இல் கைவிட்டார்கள்.

மஞ்சள் காமாலை அரிப்புக்கு? மியூவை அடைக்கும் நால்ட்ரெக்ஸோனை மருத்துவர்கள் தருவதுண்டு. ஓபியாய்டு வலிமருந்து எடுப்பவர் அதைத் தொடவே கூடாது.

காப்பீடு? அமெரிக்க அரசுக் காப்பீடு டிஃபெலிகெஃபாலினுக்குத் தந்த தனிக்கட்டணக் காலம் 2024 மார்ச்சில் முடிந்தது. பிறகு விற்பனை சரிந்தது.

வேறு மருந்தே இல்லையா? டயாலிசிஸுக்குப் பின் மிகக் குறைந்த அளவில் காபாபென்டின் தருகிறார்கள். அதுவும் சிறுநீரகம் வழியே வெளியேறுவதுதான், எனவே யாரும் தானாக வாங்கிப் போட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. டயாலிசிஸ் செய்பவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு மிதமானதோ அதற்கு மேலோ அரிப்பு இருக்கிறது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. அவர்களில் பலர் அதை யாரிடமும் சொல்வதில்லை. டயாலிசிஸ் மையங்களின் மருத்துவ இயக்குநர்களில் பெரும்பாலோர் தங்கள் மையத்தில் எவ்வளவு பேருக்கு அரிப்பு என்பதைக் குறைத்தே கணித்திருந்தார்கள். அடுத்த முறை ஊசி குத்தும் முன் செவிலியரிடம், பத்துக்கு எத்தனை அரிப்பு, எத்தனை இரவு தூக்கம் போனது என்று எண்ணோடு சொல்லுங்கள்.