மேகச் சேவையகத்தில் பொதுத் தரவாய்வுத் தளம்

தமிழ்ப் பனுவல்களைக் கணினிவழி ஆராய்வோர் ஒரே நூலிலிருந்து வெவ்வேறு சொல்லெண்ணிக்கை பெறுவதுண்டு. இதற்குக் குறியீட்டு வேறுபாடும் ஒரு காரணமாகும். ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரண்டு குறியீடுகளாலும் அமைக்கலாம், மூன்றினாலும் அமைக்கலாம். கண்ணுக்கு அவை ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் தனித்து இயங்கும்போது இவ்வேறுபாடு புலப்படாமலே முடிவுகளில் கலந்துவிடுகிறது. பொதுத் தளமொன்றை அமைத்து இதனைத் தவிர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜூப்பிட்டர்ஹப் இதற்கேற்ற கட்டற்ற மென்பொருளாகும். அதன் எளிய வடிவமான ‘லிட்டிலஸ்ட் ஜூப்பிட்டர்ஹப்’ உபுண்டு இயங்குதளம் கொண்ட ஒரே சேவையகத்தில் இயங்கும். ஏறத்தாழ 100 பயனர் வரை ஏற்கும். மாணவருக்கு இணைய உலாவி மட்டுமே தேவை. நிர்வாகி ஒருமுறை நிறுவும் பைத்தான் நிரல்தொகுப்புகள் அனைவருக்கும் ஒரே பதிப்பில் கிட்டும்.

முதலில் நினைவகத்தைக் கணக்கிடல் வேண்டும். ஒரே நேரத்தில் 20 பேர், ஆளுக்கு 512 மெகாபைட் எனில் 10,240 மெகாபைட்; தளத்தின் தேவைக்கு மேலும் 128 மெகாபைட். அடுத்து, பனுவல்களை ஏற்றும்போதே என்எஃப்சி எனப்படும் ஒருங்குறி இயல்பாக்கத்திற்கு உட்படுத்த வேண்டும். அதன்பின் ‘கொ’ எங்கும் இரண்டு குறியீடுகளாகவே அமையும். திருத்த இயலாத பொதுக் கோப்புறையில் அவற்றை வைத்தல் நலம். விடுமுறையில் சேவையகத்தை நிறுத்தினால் செலவு குறையும். எனினும் வட்டுக்கான கட்டணம் தொடரும்.

ஒருவர் கண்ட முடிவை மற்றொருவர் அதே பனுவலில், அதே நிரலால் சோதிக்க இயலும்போதே கணினிவழித் தமிழாய்வு நம்பகத்தன்மை பெறும்.