காசின் பிழையும் எழுத்தின் திசையும்

பழங்காசுகளைச் சான்றாகக் கொள்ளும்போது அவற்றில் காணும் ஒவ்வொரு மாறுபாட்டையும் புதிய செய்தியாகக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. அம்மாறுபாடு அக்கசாலையில் நேர்ந்த பிழையா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

அச்சிடும் பிழைகள் இரு நிலைகளில் தோன்றுகின்றன. அச்சைச் செதுக்குவோன் செய்யும் பிழை ஒன்று. அடிப்போன் செய்யும் பிழை மற்றொன்று. முன்னது அவ்வச்சில் உருவான எல்லாக் காசுகளிலும் ஒரே வகையாகத் தோன்றும். பின்னது பெரும்பாலும் ஒரு காசோடு நின்றுவிடும். உலோக வில்லை நகர்ந்தால் உருவம் மையம் விலகும்; இருமுறை அடிபட்டால் கோடுகள் இரட்டிக்கும். முன்னர் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையை அதன்மீது வைத்து அடித்தால், ஒரு பக்கத்து உருவமே மறுபக்கத்தில் குழிந்தும் இடவலம் மாறியும் பதியும். உரோமானியக் காசுகளில் இதனைக் காணலாம்.

முதலாம் இராசராசனின் செப்புக் காசுகள் பலவற்றில் நாகரி எழுத்துகள் விளிம்பில் அறுபட்டிருக்கின்றன. அச்சைவிட வில்லை சிறிதாக இருந்தமையே இதற்குக் காரணம். இதனைப் பிழை என்பதைவிட அக்கால வழக்கு என்பதே பொருந்தும். எனினும் எஞ்சிய எழுத்துகளை மட்டும் படித்து வேறொரு பெயரைக் கற்பித்துவிடலாகாது. ஒரே அச்சின் பல காசுகளை ஒப்பிட்டால் முழு வாசகமும் கிடைக்கும்.

இத்தகைய பிழையைச் சான்றாகக் கொண்டதால் விளைந்த பெரும் வாதம் ஒன்றுண்டு. மத்தியப் பிரதேசத்தின் எரண் என்னுமிடத்தில் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டெடுத்த காசு ஒன்றில் தருமபாலன் என்னும் பெயர் பிராமி எழுத்தில் வலமிருந்து இடமாக அமைந்துள்ளது. இதனை ஒரு முக்கியச் சான்றாகக் கொண்டு, பிராமி தொடக்கத்தில் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது என்றும், அது செமித்திய எழுத்திலிருந்து பிறந்தது என்றும் ஜார்ஜ் பியூலர் 1895இல் வாதிட்டார்.

ஆனால் காசில் எழுத்து நேராக வரவேண்டுமாயின் அச்சில் அதனைத் திருப்பிச் செதுக்குதல் வேண்டும். செதுக்குவோன் மறந்து நேராகவே செதுக்கிவிட்டால் காசில் எழுத்து திரும்பித் தோன்றும். முத்திரைக் கட்டை செய்வோர் இன்றும் அஞ்சும் தவறு இது. முற்கூறிய ஒட்டிய காசின் பிழையில் எழுத்துகள் குழிந்திருக்கும். இதிலோ மேலெழும்பியே நிற்கும். திசை மட்டுமே மாறும். எரண் காசினை இவ்வாறே விளக்கலாம் என அறிஞர் பலர் மறுத்தனர்.

ஆந்திரத்தின் எர்ரகுடியில் அசோகரின் சிறுபாறைக் கட்டளையிலும் சில வரிகள் வலமிருந்து இடமாகச் செல்கின்றன என்பது மெய்யே. ஆயினும் அது நேரே கல்லில் வெட்டப்பட்டது. அச்சின் வழி வந்ததன்று. அதன் வலிமையைக் கடனாகப் பெற்று எரண் காசினை நிலைநிறுத்த முயல்வது முறையாகாது என்பது எம் கருத்து.

தமிழி எழுத்து பொறித்த சங்ககாலக் காசுகளின் நிழற்படங்களை வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள் மற்றொன்றையும் நோக்குதல் நன்று. படம் அச்சேறும்போதே திரும்பிவிட்டிருக்கக்கூடும். மறுபக்கத்து உருவத்தையும் வேறு பதிப்பில் வந்த படத்தையும் ஒப்பிட்ட பின்னரே எழுத்தின் திசையைப் பற்றிப் பேசவேண்டும்.